அசிட் தின்னாத முகம்

1

விமான நிலையத்தில் அண்ணியின் கைப்பையைத் திறந்த சுங்க அதிகாரி, பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றியிருந்த ஓர் உலோகத் தகட்டை வெளியே எடுத்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அண்ணிக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். அதில் பொறுக்கி எடுத்து, "மை ஹஸ்பண்ட்" என்றிருக்கிறார்.

அந்த மனிதர் தகட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாராம். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து விரித்த அளவு, மங்கிய மண்ணிறம், மேல் விளிம்பில் ஆணியால் குத்திய ஒரு துளை. இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பார்த்துவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு இருவரும் அதை அதே துணியில் கவனமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

"பாவங்கள், நல்ல பிள்ளையள். ஒண்டும் கதைக்கேல்லை," என்றார் அண்ணி, காரில் ஏறி இடுப்புப்பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டே.

நான் வதனி. நெதர்லாந்தில் ஒரு சிறிய பட்டணத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறேன். மலர் அண்ணி என் ஒரே அண்ணையின் மனைவி. அண்ணையை நாங்கள் கடைசியாகப் பார்த்தது 1992இல். அப்போது கைக்குழந்தையாக இருந்த அவர் மகன் நிரூபன் படிக்க வந்து இங்கேயே வேலையாகிவிட்டான். அவனுடைய கலியாணத்துக்குத்தான் அண்ணி வந்தார்.

வரவைக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது. விசா விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்: திருமணமானவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர். அண்ணிக்குத் தொலைபேசி எடுத்து, எதில் புள்ளடி போட என்று கேட்டேன்.

"உதென்ன கேள்வி? கலியாணம் கட்டினனான்தானே. அதிலை போடு."

போட்டேன். அப்படியானால் கணவர் எங்கே, ஏன் அவர் கையொப்பம் இல்லை என்று கேட்டு எழுதினார்கள். தெரியாது என்று பதில் எழுதினேன். 'தெரியாது' என்பதைப் பதிலாக ஏற்கமுடியாது, ஆதாரம் இணைக்கவும் என்று வந்தது. ஒருவர் இருக்கும் இடம் தெரியாது என்பதற்கு என்ன ஆதாரத்தை இணைப்பது? எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினியை மூடிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கடைசியில் பழைய பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியை ஊரிலிருந்து எடுப்பித்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்தி அனுப்பினோம்.

2

நான் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் முகம் கிடையாது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, வாய்க்கு மறைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. மஞ்சள் வெளிச்சத்தில் ஓசையில்லாமல் நடமாடுவோம். உயரத்தையும் நடையையும் வைத்துத்தான் இன்னார் என்று மட்டுக்கட்ட வேண்டும். கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கன் வட்டத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத கனத்தில் உலோகம் பூசி, வேண்டாத இடத்தை அமிலத்துக்குக் கொடுத்து, வேண்டிய கோடுகளை மிச்சம் விடுவது என் பிரிவின் வேலை. வேலைக்கு எடுத்தபோது முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். எங்கே என்றார்கள். புத்தூரில் என்றேன். அவர்கள் அதை ஏதோ ஜெர்மன் பட்டணம் என்று நினைத்திருக்க வேண்டும், மேலே கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துப் புத்தூரில், பருத்தித்துறை வீதியோரமாக, அப்பாவின் தம்பி ஓர் அச்சகம் வைத்திருந்தார். அவரை நாங்கள் குஞ்சியப்பு என்போம். அந்தக் காலத்தில் தாளில் ஒரு படம் அச்சிட வேண்டுமானால் முதலில் அதற்கு 'புளொக்' செய்ய வேண்டும். புகைப்படத்தைப் புள்ளிபுள்ளியாக உடைத்து, மருந்து பூசிய நாகத் தகட்டில் வெயில் வெளிச்சத்தால் பதித்து, அடுப்பில் சுட்டு இறுக்குவோம். நாகம் என்பது சிங்க். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு நாகம் என்றுதான் பெயர். பிறகு தகட்டை நைத்திரிக்கமிலத் தொட்டியில் விட்டு ஆட்டினால், படம் மூடிய இடம் தப்பும், மற்ற இடத்தை அசிட் தின்னும். தின்னாமல் மிஞ்சுவதுதான் முகம்.

வெயிலில் பதிப்பது நான். அசிட் தொட்டி குஞ்சியப்பு. அச்செழுத்துக் கோப்பது அண்ணி. அதோடு, தகட்டின் முதுகை அசிட் தின்னாதபடி அதற்குப் பொலிஷ் பூசுவதும் அண்ணியின் வேலை. தச்சர்கள் கதிரைக்குப் பூசுகிற அதே அரக்குப் பொலிஷ். மூன்று தரம் பூசி, ஒவ்வொரு தரமும் காயவிடுவார்.

வந்த முகங்கள் எல்லாம் செத்தவர்களுடையவை. எங்கள் பக்கத்தில் ஒருவர் போனால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் 'கல்வெட்டு' என்று ஒரு சிறு புத்தகம் அடித்துப் பந்தியில் எல்லாருக்கும் கொடுப்பது வழக்கம். முதல் பக்கத்தில் படம். உள்ளே தேவாரம், குடும்ப வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று செய்யுள்கள். முகமில்லாமல் கல்வெட்டு அடிப்பதில்லை. அந்த வருடங்களில் எங்களுக்கு வேலை குறைந்ததே இல்லை.

ஒரு விஷயத்தை அப்போது யாரிடமும் சொன்னதில்லை. தகடு அசிட்டுக்குள் கிடக்கும்போது முதலில் தெளிவாவது கண்கள். சுற்றிவரச் சாம்பல் நிறமாக மங்க, கண்ணும் தலைமயிரும் மட்டும் பளபளவென்று நிற்கும். குஞ்சியப்பு தொட்டியை ஆட்ட ஆட்ட அவை எங்களைப் பார்த்து அசையும். அதுவும் இடம் வலமாக மாறிய முகம். தெரிந்தவர்களே தெரியாதவர்களாக நிற்பார்கள். நான் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். அண்ணி மட்டும் நின்று பார்ப்பார்.

சண்டையோடு எங்கள் பக்கத்துக்கு அரசின் பொருளாதாரத் தடை வந்தபிறகு நாகத் தகடு கிடைப்பது குதிரைக்கொம்பு. குஞ்சியப்பு போகிற இடமெல்லாம் பழந்தகடு பொறுக்கிக்கொண்டு வந்து ஒரு மூலையில் குவித்தார். நாகமும் இருக்கும், பெரிய அச்சகங்கள் கழித்துவிட்ட அலுமினியமும் இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அண்ணைக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூறில் சண்டையோடு தொழிற்சாலையும் நின்றது, எங்கள் வீடும் போனது. புத்தூரில் குஞ்சியப்புவின் வளவுக்குள் ஒரு சின்ன வீட்டில் ஒதுங்கினோம். அண்ணை இரண்டு வருடம் தோட்டம் கொத்திப் பார்த்தார். பிறகு கொழும்பில் ஏதாவது வேலை தேடுகிறேன் என்று கிளாலியில் படகேறினார். அந்தக் கடல்நீரேரியைக் கடப்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற காரியம் என்று எல்லாருக்கும் தெரியும். மற்றப் படகுகளில் போனவர்கள் அந்தப் பக்கம் இறங்கியதாகச் சேதி வந்தது. அண்ணை போன படகைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வருடம் போனது. அம்மாவுக்குக் கனவு வரத் தொடங்கியது. அண்ணை தலையிலிருந்து கால்வரை நனைந்து கிணற்றடியில் நிற்கிறாராம், ஒரு செம்பு தண்ணி கேட்கிறாராம். இவ்வளவு நனைந்தவன் ஏன் தண்ணி கேட்கிறான் என்று அம்மா பகலெல்லாம் புலம்புவார். சாத்திரியார் குறிப்பைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை, ஆத்மா அலையுது, கடமையைச் செய்யுங்கோ என்றுவிட்டார்.

அண்ணி ஒரே வார்த்தையில் மறுத்தார். "அவர் செத்ததை ஆர் கண்டது?"

"எனக்கும் விருப்பமே பிள்ளை?" என்று அம்மா அழுதார். "அவன் தண்ணி கேட்டு வாறான். பெத்தவள் நான் குடுக்காமல் ஆர் குடுக்கிறது?"

இருவரில் யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடமை செய்தால் அம்மாவின் பிள்ளைக்குத் தண்ணி கிடைக்கும். அண்ணியின் பொட்டு அழியும். இருபத்தாறு வயது அவருக்கு. கடைசியில் பெரியவர்கள் கூடி அம்மாவின் பக்கம் முடிவெடுத்தார்கள். இந்தக் கிரியைக்கு வழக்கமாகப் போகும் கீரிமலைக்குச் சண்டையால் வழியில்லாதபடியால் தொண்டைமானாற்றில் செய்வதென்று நாளும் குறித்தார்கள். ஒரு பண்டிதர் கல்வெட்டுக்குப் புலம்பல் எழுதிக் கொடுத்தார்.

அச்சகத்தில் எழுத்துக் கோக்க அண்ணியை விட்டால் ஆளில்லை. மனைவி புலம்பலையாவது நான் கோக்கிறேன் என்று கையெழுத்துத் தாளைப் பிடுங்கப் போனேன். அண்ணி விடவில்லை.

"வேண்டாம். நீ எழுத்துப்பிழை விடுவாய்."

அன்று காலை முழுவதும் எழுத்துப் பெட்டியடியில் நின்று, ஒவ்வொரு ஈய எழுத்தாக, இடம் வலமாக மாறிய எழுத்துகளில், தன்னுடைய புலம்பலைத் தானே கோத்தார். ஒரு பிழை இல்லை. கண் கலங்கவும் இல்லை. கோத்து முடித்துவிட்டுப் பொலிஷ் போத்தலையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு, நான் வெயிலில் பதித்துச் சுட்டுவைத்திருந்த அண்ணையின் தகட்டோடு பின் விறாந்தைக்குப் போனார்.

மத்தியானம் குஞ்சியப்பு அசிட் கலந்தார். முதலில் அன்றைய வேறொரு வேலை, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் முகம். அது வழக்கம்போல் எழும்பியது. பிறகு அண்ணையின் தகட்டை விட்டார். அம்மா வாசற்படியில் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு நின்றார்.

தொட்டி அசைந்தது. ஒரு குமிழி இல்லை. நிறம் மாறவில்லை. ஆசிரியையைத் தின்ற அதே அசிட், அண்ணைக்கு மேலாகச் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. குஞ்சியப்பு இன்னும் கொஞ்சம் அசிட் விட்டார். பார்த்தார். இடுக்கியால் தகட்டை எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

"அசிட் பிடிக்குதில்லை," என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பிடிக்குதில்லை பிள்ளை. வேறை தகடும் இல்லை."

வெளியே காகம்கூடக் கத்தாத நேரம் அது. அம்மா படியில் மெல்ல உட்கார்ந்தார். "அவன் இருக்கிறான்," என்றார். "செத்திருந்தால் தின்னும்தானே. அவன் இருக்கிறான்."

திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவர் கோத்துவைத்த புலம்பலைப் பிரித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக அதனதன் குழிக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

4

ஐயருக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். அண்ணி அந்தத் தகட்டில் ஒரு துளை குத்தி வாசல் நிலைக்கு மேலே தொங்கவிட்டார். சாமித்தட்டிலும் இல்லை, மாலை போட்ட படங்களின் வரிசையிலும் இல்லை. நேரே பார்த்தால் வெறும் தகடு. சற்றுச் சரிந்து நின்றால் மட்டும் அண்ணை தெரிவார். மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தால், வெளிச்சம் போகும் பக்கம் அவர் முகமும் திரும்பும். நான் அந்த வாசலால் போகும்போது நிலத்தைப் பார்த்தே போவேன்.

அம்மாவுக்குக் கனவு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று தொடங்கியது. தெருவாசல் படலைக்குக் கொழுக்கி போட விடமாட்டார். பொழுதுபடுகிற நேரம் தெருநாய்கள் குரைத்தால், குசினியில் இருந்தபடியே, "வாறான் போலை," என்பார், கறிவேப்பிலை முடிந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி. நாய்கள் எங்கள் படலையடியில் வந்து சட்டென்று குரைப்பை நிறுத்தும். எதைக் கண்டு நிறுத்தின என்று யாரும் எழும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

நான் 1994இல் வெளிக்கிட்டு, கொழும்பு வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். அடுத்த வருடம் ராணுவம் முன்னேற, யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அண்ணி கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அகப்பட்டவற்றில் அந்தத் தகடு ஒன்று. படங்கள் ஒட்டிய அல்பம் அகப்படவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கூரையே இல்லை. அண்ணையின் கலியாணப் படம், வேலை அடையாள அட்டைப் படம், நாங்கள் புளொக்குக்கு எடுத்த அந்த ஸ்ரூடியோப் படம் எல்லாம் போயிற்று. அவருடைய முகம் மிஞ்சியது தகட்டில் மட்டும்தான். அதுவும் வருடத்துக்கு வருடம் மங்கியது. எப்படிச் சரித்தாலும் தெரியாத ஒரு காலம் வந்தது. அம்மா சாகும்போது, "அவன் தூரப் போயிட்டான்" என்று சொன்னாராம்.

அன்று அசிட் ஏன் தின்னவில்லை என்ற காரணம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஹன்னா என்ற வயதான பெண்மணி எனக்குப் பழக்கிக் காட்டினார். அமில மேசைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய அட்டவணை. இந்தப் பக்கம் உலோகங்கள், மேலே அமிலங்கள். எதை எது தின்னும், எதை எது தொடாது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்து. சாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரித்தான். தங்கத்தைத் தனி அமிலம் எதுவும் ஒன்றும் செய்யாது. செம்பு நைத்திரிக்கில் புகைந்துகொண்டு போகும். நாகத்தை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவரவே கூடாது. கண்ணாடியைத் தின்கிற அமிலம் ஒன்று உண்டு. அது கையில் பட்டால் முதலில் வலிக்காதாம். "வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதே," என்றார் ஹன்னா. "அது எலும்பைத் தேடிப் போகும்."

நான் அலுமினியத்தின் வரியில் விரலை வைத்து நைத்திரிக்கமிலத்தின் கட்டத்துக்குப் போனேன். தின்னாது என்று இருந்தது. மேலே தானாக ஒரு தோல் படிந்து அலுமினியத்தைக் காப்பாற்றிவிடுமாம். குவியலுக்குள் கிடந்த அலுமினியத் தகடுகள் நினைவுக்கு வந்தன. குஞ்சியப்பு தகடு மாறி எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த வெள்ளை உடுப்புக்குள் நின்று நான் அழுதேன். மறைப்புக்குள் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணிக்கு இதைச் சொல்வதா? தொலைபேசியில் அவர் குரலைக் கேட்கும்போதெல்லாம் தொண்டைவரை வரும். ஒரு பெண் உயிரோடு பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்றை, அது வெறும் அலுமினியம் என்று எந்த வாயால் சொல்வது? விழுங்கிவிடுவேன்.

5

கலியாண அழைப்பிதழில் அண்ணையின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் இல்லை. திரு, திருமதி என்று இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மண்டபத்தில் அண்ணி அரக்குச் சிவப்புச் சேலையும் நெற்றி நிறைந்த பொட்டுமாக நின்று ஆராத்தி எடுத்தார். நம் சனம் சும்மா இருக்குமா? மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். நான் போய் அவர்களுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். குசுகுசுப்பு நின்றது.

என் மகள் அபிக்குப் பத்தொன்பது வயது. இங்கே பிறந்தவள். தமிழை நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவேண்டும். மூத்தவனோ தமிழில் கூப்பிட்டால் ஏனென்றும் கேட்பதில்லை. இவள் என்றாலும் பேசுகிறாளே என்று ஆறுதல். மண்டபத்தில் என் காதருகே வந்து கேட்டாள்: "அம்மா, மாமா இப்ப இருக்குதா, இல்லையா?"

'இருக்கிறாரா' என்று திருத்த வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

நிரூபன் தாலி கட்டியபிறகு தாயின் காலில் விழுந்து எழும்பினான். அப்பாவின் படம் ஒன்று வைத்துக் கும்பிட்டிருக்கலாம் என்று மெல்லச் சொன்னான். தகப்பனின் முகத்தை அறியாத பிள்ளை அவன். அண்ணி அவன் தோளில் இருந்த ஒரு பூவிதழைத் தட்டிவிட்டார்.

6

கலியாணம் முடிந்து நாலாம் நாள் மத்தியானம். என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். அண்ணி அறைக்குள் போய்த் தகட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"வதனி, நீ அசிட் வேலைதானே. இதைப் பிடிக்கவைக்க ஏலுமே?"

இனியும் விழுங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "அண்ணி, அது நாகமில்லை. அலுமினியம். அலுமினியத்தை அந்த அசிட் தொடாது. அதுதான் அண்டைக்குப் பிடிக்கேல்லை. எனக்கு எத்தினையோ வருசமாய்த் தெரியும்."

அண்ணி என்னையே பார்த்தார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் யோசிச்சது."

"கையிலை எடுத்துப் பார்."

எடுத்தேன். கனத்தது. அலுமினியம் இப்படிக் கனக்காது; பதித்த அன்று கனத்தைக் கவனிக்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் நைத்திரிக்கமிலம் வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது. ஆனால் அபி கலைப்பாடத்துக்கு அச்சுப்படம் செய்ய வாங்கிய மயில்துத்தம் கொட்டிலில் இருந்தது. எங்களூரில் முந்திரிகைக் கொடிக்கு அடிக்கிற அதே நீல உப்பு. தனியே தண்ணீரில் கரைத்து விட்டால் அலுமினியத்தில் அது இலேசில் ஏறாது. நாகத்தை உடனே பிடிக்கும். ஒரு கிண்ணத்தில் கரைத்தேன். அபியும் வந்து நின்றாள்.

ஆணித் துளையின் விளிம்பைச் சுரண்டி ஒரு துளி விட்டேன். விட்ட கையோடு அந்த இடம் கறுத்தது.

நாகம்தான். எத்தனையோ வருடம் நான் பத்திரமாகப் பூட்டிவைத்திருந்த காரணம் ஒரு துளியில் போய்விட்டது. இன்னொரு துளியைத் தகட்டின் நடுவில், முகம் இருக்கவேண்டிய இடத்தில் விட்டேன். அது நீலமாகவே, முத்துப்போல் உருண்டு நின்றது. ஒன்றும் நடக்கவில்லை.

"ஏன் அம்மா அங்கை வேலை செய்யுது, இங்கை செய்யுது இல்லை?" என்றாள் அபி.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அம்மா நம்பியதை நானும் நம்பினேன். அவன் இருக்கிறான் என்று அம்மா படியில் இருந்து சொன்ன குரல் காதுக்குள் கேட்டது. பின்கதவின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மழைக்கோட்டுகள் தொங்கின. பூட்டிய கதவு.

அண்ணி மெல்லிய குரலில் சொன்னார்: "முதுகுக்கு மூண்டு தரம் பூசுறது. அண்டைக்கு முகத்துக்கும் மூண்டு தரம் பூசினனான்."

நான் நீலக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"மாமிக்கு அவரின்ரை ஆத்மா தவிக்குது எண்ட கவலை. எனக்கு அவரைத் தூக்கி அசிட்டுக்கை போட மனம் வரேல்லை. அவ்வளவுதான். பெரிசாய் ஒண்டும் யோசிக்கேல்லை. பிடிக்காட்டில் இன்னொருக்கால் செய்வினம், அதுக்குள்ளை அவர் வந்திடுவர் எண்டுதான் நினைச்சனான்."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"மாமி அவன் இருக்கிறான் எண்டு சொன்னவா. பொலிஷ் பூசினது நான்தான் எண்டு எனக்குத் தெரியும், வதனி. எண்டாலும் எல்லாரும் சொல்லச் சொல்ல நானும் நம்பத் தொடங்கிட்டன். நாய் குரைக்க நானும்தான் எழும்பிப் படலையைப் பாத்தனான்."

குஞ்சியப்பு பெருவிரலால் தகட்டைத் தடவியது நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் தகடு தொட்ட விரல் அது. அரக்கும் நாகமும் அதற்குத் தெரியாதா? வேறு தகடு இல்லை என்றவர், அடுத்த கிழமை வேறு முகங்களுக்குத் தகடு எடுத்தார். அவரும் ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நிரூபன் தகப்பனைக் கேட்டவன்," என்றார் அண்ணி. "எனக்கே முகம் வருகுதில்லை. கன்னத்திலை ஒரு மச்சம் இருந்தது. எந்தப் பக்கம் எண்டு கேட்டால் சொல்லத் தெரியேல்லை. இவ்வளவு காலம் அவருக்காண்டி இருந்துபோட்டு அவரின்ரை முகம் தெரியாமல் நிக்கிறன். பொலிஷை எடு. தின்னட்டும்."

"அண்ணி, இதைப் போட்டால்…"

"எனக்குத் தெரியும். புலம்பல் கோத்தவள் நான்."

7

பொலிஷ் மதுசாரத்தில், அதாவது ஸ்பிரிட்டில், கரையும்; அடுப்பில் சுட்டு இறுக்கிய படம் கரையாது. எது எதில் போகும், எது எதில் நிற்கும் என்று அறிவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் பஞ்சை நனைத்துக்கொண்டு நான் நெடுநேரம் தகட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு மூலையில் இருந்து துடைத்தேன். பஞ்சு தேயிலைச் சாயம்போல் மண்ணிறமாக வந்தது. துடைக்கத் துடைக்க அடியில் ஒரு நெற்றி, ஒரு காது.

ஒரு தொட்டியில் நீலக் கரைசலை விட்டு, கொஞ்சம் உப்பும் சேர்த்து, தகட்டை மெல்ல இறக்கினேன். அண்ணி தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஆட்டினார், குஞ்சியப்பு ஆட்டுகிற அதே தாளத்தில். நாகம் போகப்போகக் கரைசலில் இருந்த செம்பு வந்து அந்த இடத்தில் சிவந்த சேறாகப் படிந்தது. ஒரு இறகால் அதை ஒதுக்கிவிட்டேன். முதலில் தெளிந்தவை கண்கள். நீலத்துக்கு அடியில் அசைந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தன. அபி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை நான் திரும்பவில்லை.

கழுவிக் காயவிட்டு, அபியின் உருளையால் மை தடவி, தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தோம். அண்ணிதான் தாளை உரித்தார்.

அண்ணை தாளில் இருந்தார். இடம் வலம் சரியாகி, மயிரை ஒரு பக்கம் வாரி, சிரிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு. அண்ணி விரல் நுனியை அந்த மச்சத்தில் வைத்தார்.

"இடப்பக்கம்," என்றார். சற்று நேரம் கழித்து, "சின்னப் பெடியன். நிரூபனிலும் பாக்கச் சின்னன்," என்றார். பிறகு மேசையில் தலையை வைத்து அழுதார். முப்பது வருடம் கோத்துப் பிரித்த அழுகை. நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மழைக்கோட்டுகள் தொங்கும் பக்கம் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பின்னேரம் நிரூபன் வந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தான். சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, தாளைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

அன்று படுக்கப் போகுமுன் அண்ணி முகம் கழுவினார். நாங்கள் எல்லாரும் செய்வதுபோல ஒட்டுப்பொட்டை எடுத்துக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டினார். காலையில் எழும்பி, முகம் கழுவி, தலைவாரி, தேத்தண்ணி குடிக்க வந்து உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. நான் சீனி போதுமா என்று கேட்டேன்.

அண்ணி ஊருக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. போன கையோடு தொண்டைமானாற்றில் கடமையைச் செய்து, ஒரு செம்பு தண்ணீரும் வார்த்துவிட்டதாகச் சொன்னார். கல்வெட்டும் அடித்தார்கள். பழைய புலம்பல் வரிவரியாக அவருக்கு மனப்பாடமாக இருந்ததாம்.

பொட்டு இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. அண்ணியும் நானும் ஒரே உயரம். ஒவ்வொரு நாள் காலையிலும் முகம் கழுவி நான் நிமிரும்போது, அது சரியாக என் நெற்றிக்கு நேரே வருகிறது.